அப்பனுக்கு ஒரு எழுத்து

காலை 6.50, வடபழனி

சென்னையில் பிறந்தவன் சென்னைக்குள்ளேயே இருபது கிலோமீட்டர் போய்வந்ததைப் பயணக் கட்டுரை என்று எழுதலாமா என்று கேட்பவர்கள் வேறு பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம். நான் எழுதத்தான் போகிறேன். முப்பத்து மூன்று வருஷமாக நான் இருப்பது ஸ்லொவேனியாவில். தங்கை மகள் கல்யாணத்துக்காக இங்கே வந்தேன். கல்யாணம் முடிந்தது, சாப்பாடு முடிந்தது, சொந்தக்காரர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் என்னிடம் புகார் சொல்லி முடித்தார்கள். கையில் ஒரே ஒரு சனிக்கிழமை மிச்சம். ஞாயிறு காலை விமானம்.

சட்டைப்பையில் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. அதில் ஒரு ஆளின் கையெழுத்து வேண்டும். ஆள் பெயர் டோமினிக். எங்கே இருக்கிறான் என்று தெரியாது. இருக்கிறானா என்றே தெரியாது. தெரிந்தது சாந்தோமில் ஒரு சந்து, அதில் ஒரு வீடு. அதுவும் முப்பத்து மூன்று வருஷத்துக்கு முந்தைய விலாசம்.

பணிமனை வாசலில் 12பி வந்தது. என் அப்பா கோவிந்தசாமி இதே தடத்தில் நடத்துநராக இருந்தவர். சாலிகிராமத்தில் ஏறி, பட்டினப்பாக்கத்தில் இறங்கி, மறுபடி சாலிகிராமம். அதைத் தாண்டி அவர் எங்கும் போனதில்லை. அவர் விரலில் எப்போதும் டிக்கெட் மை ஒட்டியிருக்கும். இப்போது மையும் இல்லை, கிழிப்பதும் இல்லை. நடத்துநர் கையில் ஒரு மெஷின்.

"எங்க?"

"கச்சேரி ரோடு."

"அங்கெல்லாம் போவாது பெரிசு. மெட்ரோக்குத் தோண்டிக்கினு கீறாங்க. லஸ்ஸாண்ட எறங்கி நடந்துக்கோ."

"எத்தன வருஷமா தோண்டறாங்க?"

"என்னக் கேட்டா? நானா தோண்டறேன்? பன்னெண்டு ரூவா குடு."

'பெரிசு' என்றதற்குக் கோபம் வந்தது. எனக்கு ஐம்பத்தேழுதான். ஜன்னலோரம் இடம் கிடைத்ததால் விட்டுவிட்டேன்.

கோடம்பாக்கம் பாலம் ஏறுவதற்குள் அந்தத் தாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்லொவேனியா என்றால் இங்கே யாருக்கும் தெரியாது. இத்தாலிக்குக் கிழக்கே ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன நாடு. அதன் கடற்கரை மொத்தமே நாற்பத்தேழு கிலோமீட்டர். திருவான்மியூரில் கிளம்பினால் மாமல்லபுரம் வரும்போது ஒரு நாட்டின் கடல் முடிந்துவிடும். அந்தக் கரையில் கோப்பர் என்று ஒரு துறைமுகம். அதற்கு மேலே குன்றில் ஒரு கிராமம். அந்தக் கிராமத்தில் ஒரு கால்பந்து கிளப். பெயர் வேண்டாம், சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. பக்கத்து ஊர்க்காரனுக்கே சரியாகத் தெரியாது.

பெரிய யுத்தத்துக்குப் பிறகு உப்பளத்தில் வேலை செய்தவர்களும் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் சேர்ந்து ஆரம்பித்த கிளப் அது. கல் உடைத்த குழியை மண் போட்டு மூடி மைதானம் ஆக்கினார்கள். மழை பெய்தால் இன்றைக்கும் கோல் கம்பம் பக்கம் கல் மேலே எழும்பி வரும். அப்போது அது யூகோஸ்லாவியா. துறைமுகத்தில் நாலா பக்கத்து ஆட்களும் வேலைக்கு வந்தார்கள், கிளப்பில் ஆடினார்கள். கோல்கீப்பர் போஸ்னியாக்காரன். நடுவில் ஆடியவன் செர்பியாக்காரன். ஒரு காலத்தில் நல்ல அணி, பெரிய ஊர்களையெல்லாம் தோற்கடித்திருக்கிறார்கள். அப்புறம் நாடு பிரிந்தது. நேற்றுவரை பக்கத்து ஊராக இருந்தது இன்றைக்கு வெளிநாடு. கோல்கீப்பர் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பஸ் ஏறினான். திரும்பி வரவே இல்லை. அவன் கையுறை இன்றும் உடை மாற்றும் அறையில் ஓர் ஆணியில் தொங்குகிறது. எடுக்க யாருக்கும் மனசில்லை.

பனகல் பார்க்கில் வண்டி இருபது நிமிஷம் நின்றது. கடை திறப்பதற்கு முன்பே பட்டுப்புடவை வாங்க ஜனம் நிற்கிறது. நான் சின்ன வயதில் பார்த்த தி.நகருக்கும் இதற்கும் ஒரே ஒற்றுமை, அப்போதும் நடக்க இடமில்லை, இப்போதும் இல்லை.

காலை 8.20, மயிலாப்பூர்

ஒன்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். லஸ்ஸில் இறங்கித் தகரத் தடுப்புகளுக்கு நடுவே நடந்தேன். எங்கள் காலத்தில் இந்த வழியாகத்தான் காலில் பூட்ஸ் மாட்டிக்கொண்டு டக்டக்கென்று நடந்து போவோம். வடபழனியிலிருந்து வாரா வாரம் அப்பா வண்டியிலேயே வந்து இறங்கி, சாந்தோம் மண் மைதானத்தில் ஆடப் போவேன். அங்கேதான் டோமினிக் பழக்கம். அவன் வலது ஓரம், நான் இடது பின்வரிசை. பந்து கிடைத்தால் அவன் ஓடுவான். பந்து போய்விட்டால் நான் திட்டுவேன். அதுதான் எங்கள் ஆட்டம்.

குளத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். குளத்தில் தண்ணீர் இருந்தது. அது ஒன்றுதான் என்னைக் கோபப்படுத்தவில்லை. ஒரு ஓட்டலில் இரண்டு இட்லி, வடை, காபி நூற்று முப்பது ரூபாய். எதிரே உட்கார்ந்திருந்த மாமா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பில்லைப் பாத்துண்டு காபி குடிக்கப்படாது சார், ஆறிடும்" என்றார். ஆறித்தான் போயிருந்தது.

நாங்கள் இருவரும் ஒரே கப்பலில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் ஃபிட்டர், அவன் மோட்டார்களைப் பழுது பார்ப்பவன். நாடு பிரிந்த மறுவருஷம் கோப்பர் துறைமுகத்தில் சரக்கை இறக்கியதும் முதலாளி எங்களையும் கப்பலையும் அப்படியே விட்டுவிட்டு ஓடிவிட்டான். ஏழு மாதம் அங்கேயே கட்டிக் கிடந்தோம். டீசல் இல்லை, விளக்கு இல்லை, குளிர். அந்தக் கிளப்காரர்கள் வாரத்தில் மூன்று நாள் மேலே கூப்பிட்டுச் சுடுதண்ணீரில் குளிக்க விட்டார்கள். புளித்த முட்டைக்கோசும் பீன்சும் போட்ட ஒரு கஞ்சி ஊற்றினார்கள். டோமினிக் ஊரிலிருந்து கொண்டுவந்த மிளகாய்த்தூள் டப்பாவைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வருவான். கஞ்சி ஊற்றிய பெண் ஒருநாள் அதை வாங்கி நக்கிப் பார்த்துவிட்டு அழுதாள். அவள்தான் இப்போது என் மனைவி.

கிளப்புக்கு ஆள் இல்லை. அந்த லீக்கில் மூன்று முறை பதினோரு பேர் சேராவிட்டால் கிளப்பையே நீக்கிவிடுவார்கள். இரண்டு முறை ஆகிவிட்டது. கஞ்சி குடிக்க வந்த எங்களைப் பார்த்து, ஆடத் தெரியுமா என்று கேட்டார்கள்.

இப்போது அதே கிளப்பில் நான் மைதானத்துக்குக் கோடு போடுகிறேன். புது வாசல் கட்டுகிறார்கள். அதில் ஒரு கல் சுவர். ஆரம்பத்திலிருந்து அந்தச் சட்டை போட்டு ஆடிய எல்லார் பெயரையும் செதுக்கப் போகிறார்கள். பட்டியலைக் கதவில் ஒட்டியிருந்தார்கள். போய்ப் பார்த்தேன். டோமினிக் இருக்க வேண்டிய இடத்தில் 'சவரிமுத்து' என்று இருந்தது.

சவரிமுத்து அவன் அப்பன். சாந்தோம் மணலைத் தாண்டாத ஆள். பந்தை உதைத்ததே இல்லை. உதைத்ததெல்லாம் டோமினிக்கைத்தான். ஒருமுறை இறுதி ஆட்டத்தன்று காலையில், மீன் வெட்டும் கத்தியால் இவன் பூட்ஸை நாலு துண்டாக வெட்டிப் போட்டார். டோமினிக் வெறுங்காலோடு ஆடினான். அந்த ஆளிடமிருந்து தப்பிக்கத்தான் அவன் கப்பலே ஏறினான்.

செயலாளர் மார்க்கோவிடம் சண்டை போட்டேன். அவன் பதில் சொன்னான்: "பழைய பதிவுச் சீட்டில் இருக்கும் பெயர்தான் கல்லில் வரும். மாற்ற வேண்டுமென்றால் ஆடியவனே கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும். செவ்வாய்க்கிழமை கல் வேலை ஆரம்பம்." இரண்டு படிவம் கொடுத்தான். ஒன்று டோமினிக்குக்கு. இன்னொன்று எனக்கு. பட்டியலில் நானும் 'கோவிந்தசாமி'தான். அந்த ஊரே என்னைக் 'கோவி' என்றுதான் கூப்பிடுகிறது. என்னுடையதை நான் கண்டுகொள்ளவில்லை. என் அப்பா நல்ல மனுஷன், பழகியும்விட்டது.

காலை 9.40, சாந்தோம்

தேவாலயத்துக்குப் பின்னால் அந்தச் சந்து அப்படியே இருந்தது. வீடு மட்டும் இரண்டு மாடி ஆகியிருந்தது. கதவைத் திறந்தது டோமினிக்கின் தங்கை பிலோமினா. பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து முன்கூட்டியே ஓய்வு பெற்றவள். மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு பார்த்தாள்.

"யாரு?"

"நான்தாம்மா, தணிகாசலம். தணிகா."

கதவை முழுதாகத் திறந்தாள். பிறகு, "உயிரோடதான் இருக்கியா?" என்றாள்.

"இருக்கேன்."

"அண்ணன் உனக்கு மூணு லெட்டர் எழுதிச்சு. நான்தான் தபால்ல போட்டேன். பதிலு எங்க?"

பதில் இல்லை. வந்து சேர்ந்தன, படித்தேன், எழுதவில்லை. கப்பலை விடுவித்தபோது அவன் ஊர் திரும்பினான், நான் அங்கேயே நின்றுவிட்டேன். அவனோடு போகாதது முதல் குற்றம். எழுதாதது இரண்டாவது. காரணம் ஒன்றும் கிடையாது. சோம்பேறித்தனம். அதைத்தான் அவளிடம் சொன்னேன்.

"அது சரி. உள்ள வா" என்றாள். "டோமினிக் இருக்கானா?" என்று வாசலிலேயே நின்று கேட்டேன்.

"இருக்கு. அடையாறுல மோட்டார் கட்டற கடை. டிப்போவுக்குப் பின்னாடி."

அப்புறம்தான் ஷூவைக் கழற்றினேன். உள்ளே சுவரில் சவரிமுத்துவின் படம். மாலை, கீழே சின்ன விளக்கு. படத்தில் சாதுவாகத் தெரிந்தார்.

"எப்போ போனாரு?"

"நாலு வருஷம் ஆச்சு. ஆறு வருஷம் படுக்கை. அண்ணன் வீட்டுலதான்."

"டோமினிக் வீட்லயா?"

"பின்ன? குளிப்பாட்டறது, தொடைக்கிறது, ஷேவ் பண்றது எல்லாம் அண்ணன்தான். யாரையும் கிட்ட விடாது. என்னையே விடாது."

படிவத்தை எடுத்துக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அந்த ஆள் பெயரை அழித்துவிட்டு டோமினிக் பெயரைப் போட வந்திருக்கிறேன் என்று பெருமையாகத்தான் கிளம்பியிருந்தேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"அந்தப் பேரை வெச்சுக்கினு அண்ணன்கிட்ட ரொம்ப வெளாடாதே. பாத்துப் பேசு."

காலை 11.10, ஆட்டோவில்

சாந்தோமிலிருந்து அடையாறு டிப்போ சுமார் ஆறு கிலோமீட்டர். இருநூற்றைம்பது கேட்டான், நூற்றெண்பதுக்கு இறங்கினான். மீட்டர் என்ற பொருள் வண்டியில் அலங்காரத்துக்கு இருந்தது.

"ஃபாரினா நைனா? ஷூவப் பாத்தா தெரியுது."

"ஸ்லொவேனியா."

"அது எங்க கீது? துபாயாண்டயா?"

"இத்தாலி பக்கம்."

"அங்க இன்னா வேல?"

"ஃபுட்பால் கிரவுண்டுல கோடு போடறேன்."

கண்ணாடியில் என்னை ஒரு முறை பார்த்தான். "கோடு போடறதுக்கா அம்மாந் தூரம் போன?"

நான் வெளியே பார்த்துக்கொண்டேன். பாலம் வந்தது. அடையாற்றின் நாற்றம் மட்டும் மாறவே இல்லை. அதை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

காலை 11.50, அடையாறு

கடை ஒரு கார் நிற்கிற அகலம். வாசலில் தண்ணீர் மோட்டார்கள் வரிசையாக வயிற்றைத் திறந்துகொண்டு கிடந்தன. உள்ளே ஒரு வழுக்கைத் தலை, செப்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தது. கையைப் பார்த்தே தெரிந்துவிட்டது. கப்பலிலும் அவன் அப்படித்தான் கட்டுவான், உதட்டை உள்ளே இழுத்து எண்ணிக்கொண்டே.

நிமிர்ந்து பார்த்தான். மறுபடி கம்பியைப் பார்த்தான். சுற்று எண்ணி முடித்தான்.

"செருப்ப வெளிய வுடு" என்றான்.

"ஷூடா."

"இன்னாவோ ஒண்ணு. வெளிய வுடு."

விட்டேன். முப்பத்து மூன்று வருஷத்துக்கு அப்புறம் அதுதான் முதல் பேச்சு. ஸ்டூலில் இருந்த டப்பாவை நகர்த்தி இடம் கொடுத்தான். நான் படிவத்தை நீட்டி, கல் சுவர், மார்க்கோ, செவ்வாய்க்கிழமை எல்லாவற்றையும் கொட்டினேன். அந்த ஊர்க்காரர்களுக்கு அறிவே கிடையாது, ஆடியவன் யார், அவன் அப்பன் யார் என்று விசாரிக்க வேண்டாமா என்று கத்தினேன். அவன் பிளேடால் கம்பியைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"அந்த சீட்ட யாரு எழுதனது?"

நான் படிவத்தை மறுபடி மடித்தேன்.

"நீதான மச்சி எழுதன? எனக்கு இங்கிலீஷ் வராதுன்னு நீதான பேனாவப் புடுங்கன?"

உண்மை. படிவத்தில் முதல் கட்டம் குடும்பப் பெயர். எங்கள் இரண்டு பேருக்கும் குடும்பப் பெயர் என்று ஒன்று ஏது? ஒரு பெயர், முன்னால் ஓர் எழுத்து, அவ்வளவுதானே. கட்டத்தைக் காலியாக விட்டால் ஏற்க மாட்டேன் என்றார் அப்போதைய செயலாளர். எழுத்தை விரித்து எழுது என்று நானே முடிவு செய்து, அவனுக்கு அவன் அப்பனையும் எனக்கு என் அப்பனையும் எழுதிக் கொடுத்தேன். அங்கே அந்தக் கட்டத்தில் இருப்பதைத்தான் ஆளின் பெயராகக் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. முதல் ஆட்டத்தன்று கதவில் ஒட்டிய பட்டியலில் தன் அப்பன் பெயரைப் பார்த்துவிட்டு டோமினிக் வாளியை எட்டி உதைத்தான். 'அந்தாளு இங்கயும் வந்துட்டானா?' என்றான். வாளி உருண்ட சத்தம் எனக்கு நினைவிருக்கிறது. எழுதியது நான் என்பதை மட்டும் வசதியாக மறந்திருக்கிறேன். இத்தனை நாள் மார்க்கோவைத் திட்டிக்கொண்டு திரிந்தேன்.

"இப்ப கையெழுத்துப் போடு. மாத்திடலாம்" என்றேன்.

"இப்ப முடியாது. மூணு அபார்ட்மெண்ட்ல தண்ணி இல்ல. உன் கல்லு நிக்கும், அவங்க நிக்க மாட்டாங்க." கம்பியை மறுபடி எடுத்தான். "சாயந்தரம் பெசன்ட் நகர் வா. மாதா கோயில்ல பூசை. முடிஞ்சி ஆறரைக்கு மணல்ல கீறேன்."

"போடுவியா மாட்டியா, அதச் சொல்லு."

"ஆறரைக்கு வா."

மாலை 5.15, பெசன்ட் நகர்

அடையாறிலிருந்து இரண்டரை கிலோமீட்டர் நடந்தேன். மரங்கள் இருக்கின்றன, நிழல் இருக்கிறது. நடைபாதையில் மட்டும் கார் நிறுத்தியிருக்கிறார்கள். கடற்கரையில் சனிக்கிழமைக் கூட்டம். சோளம் ஐம்பது ரூபாய். வாங்கவில்லை.

காத்திருந்த நேரத்தில் டோமினிக் அடித்த ஒரு கோல்தான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. பருவத்தின் கடைசி ஆட்டம். மலைப்பக்கத்து ஊர் ஒன்று வந்திருந்தது. எங்கள் பக்கம் சரியாகப் பதினோரு பேர், வெளியே உட்கார ஒருவன் இல்லை. ஜெயிக்காவிட்டால் கீழ் லீக்குக்கு இறங்க வேண்டும். கீழே இறங்கினால் கிளப்பை மூடிவிடுவது என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். மழை, சேறு, மேலே எழும்பிய கல். முடிய நான்கு நிமிஷம் இருக்கும்போது நான் ஒரு பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு உதைத்தேன். பாஸ் என்று பின்னால் சொல்லிக்கொண்டேன், உண்மையில் பந்து போனால் போதும் என்றுதான் உதைத்தேன். டோமினிக் அதை மார்பில் வாங்கினான், ஒருத்தனைத் தாண்டினான், அடித்தான். உள்ளே போனது.

சுற்றி நின்ற ஐம்பது அறுபது பேரும் கத்தினார்கள். "சவரி! சவரி! சவரி!" கிழவர்கள் வேலியைத் தாண்டி ஓடி வந்தார்கள். டோமினிக் ஓடவில்லை, கையைத் தூக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றான். திகைப்பில் நிற்கிறான் என்று நினைத்தார்கள். எனக்கு மட்டும் தெரியும். அவன் வாழ்க்கையின் பெரிய கோலை அவன் அடித்தான், ஜனம் அவன் அப்பனைக் கூப்பிட்டது.

அந்தக் கிளப் இன்றுவரை உயிரோடிருப்பது அந்த கோலால்தான்.

மாலை 6.40, மணலில்

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். பூசை வாசனை அடித்தது. கையில் இரண்டு பொட்டலம் சுண்டல். ஒன்றை என் மடியில் போட்டான். மிளகாய்த்தூள் தூக்கலாக இருந்தது.

"அந்தக் கஞ்சி இன்னும் ஊத்தறாங்களா?"

"என் வூட்லயே ஊத்தறாங்க."

சிரித்தான். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"அப்பா படுக்கைல வியுந்ததும் நான்தான் தூக்கியாந்தேன். பிலோமினா கேட்டா, எதுக்குன்னு. எனக்கே தெரியல. மொத நாளு குளிப்பாட்டும்போது அந்தாளப் பயி வாங்கணும்னு சொன்னேன். 'யோவ், ஒரு ஊர்ல வெள்ளக்காரன்லாம் உன் பேரச் சொல்லிக் கத்துனான்யா, ஆனா கோல் அடிச்சது நானு'ன்னு. நீ ஒண்ணும் பண்ணல, உன்னால ஆனது ஒண்ணும் இல்லன்னு சொல்றதுக்குத்தான் சொன்னேன்."

"இன்னா சொன்னாரு?"

"சிரிச்சாரு தணிகா. அந்தாளு சிரிச்சி நான் பாத்ததே கெடையாது. மறுநாளு சோப்புப் போடும்போது, 'அந்தக் கதய இன்னொரு தபா சொல்லு'ன்னாரு. அப்பால தெனம். ஆறு வருஷம். மய பேஞ்சுதா, எத்தினி பேரு கத்துனான், எப்டி கத்துனான்னு கேட்டுக்கினே இருப்பாரு. 'சவரி சவரி'ன்னு நான் கத்திக் காட்டணும். பக்கத்து வூட்ல பைத்தியம்னு நெனச்சிருப்பான்."

நான் படிவத்தை வெளியே எடுத்தேன். "அப்ப மாத்த வேணாமா? அவர் பேரே இருக்கட்டுமா?" என்றேன்.

"யார்ரா இவன்! கோல் அடிச்சது யாரு?"

"நீ."

"பூட்ஸ வெட்டுனது யாரு?"

"அவரு."

"அப்ப கல்லுல எவன் பேரு வரணும்? செத்துட்டாருன்னு கல்லக் குடுத்துடுவியா?"

படிவத்தைப் பிடுங்கினான். என் முதுகில் வைத்தே எழுதினான். பேனா சட்டையைத் தாண்டிக் குத்தியது. திருப்பிக் கொடுத்தான். குடும்பப் பெயர் கட்டத்தில் 'எஸ்' என்று ஒரே ஓர் எழுத்து. அடுத்த கட்டத்தில் 'டோமினிக்'. கீழே கையெழுத்து.

"இத ஒத்துக்க மாட்டாங்கடா. முழுசா எழுதணும்."

"முழுசாத்தான் எழுதி கீறேன். எஸ். டோமினிக். என் ரேஷன் கார்டுல அப்டித்தான் கீது, கடை போர்டுல அப்டித்தான் கீது. அவருக்கு ஒரு எழுத்து. அதுக்கு மேல குடுக்க மாட்டேன். அந்த எழுத்த எடுக்கவும் வுட மாட்டேன்."

"மார்க்கோ சண்டைக்கு வருவான்."

"நீ போ, சண்ட போடு. வேற இன்னா தெரியும் உனக்கு?"

இருட்ட ஆரம்பித்தது. சுண்டல் காகிதத்தைக் கசக்கிப் பையில் வைத்துக்கொண்டான். "உன் பேப்பர் எங்க?" என்றான். நான் எழுதவில்லை என்றேன், பழகிவிட்டது என்றேன்.

"அங்க உன்னத் தணிகான்னு கூப்ட எவனாவது கீறானா?"

யோசித்தேன். மனைவி கோவி என்பாள். மகள் அப்பா என்பதற்கு அந்த ஊர்ச் சொல் ஒன்று சொல்வாள்.

"இல்ல."

"லெட்டர் போட்டுக்கினே இருந்திருந்தா நான் ஒருத்தனாவது கூப்ட்டுருப்பேன்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் திருப்பிப் பேசியிருப்பேன்.

ஞாயிறு காலை 7.30, மீனம்பாக்கம்

வடபழனியிலிருந்து மெட்ரோவில் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. குளிராக, சுத்தமாக இருந்தது. அப்பா பார்த்திருந்தால் டிக்கெட் கிழிக்க ஆள் எங்கே என்று கேட்டிருப்பார்.

காத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்து என் படிவத்தை எடுத்தேன். குடும்பப் பெயர் கட்டத்தில் 'ஜி' என்று எழுதினேன். அடுத்ததில் 'தணிகாசலம்'. என் பெயரை நானே எழுதி எத்தனை வருஷம் ஆகிறது என்று தெரியவில்லை. இரண்டு படிவத்தையும் படம் பிடித்து மார்க்கோவுக்கு அனுப்பினேன். அங்கே நடுராத்திரி தாண்டி வெகுநேரம் ஆகியிருக்கும். விழித்துக்கொண்டுதான் இருந்தான். கிழவனுக்குத் தூக்கம் கிடையாது.

"இந்த எஸ் என்றால் என்ன?" என்று கேட்டான்.

"அவன் அப்பா."

"ஜி?"

"என் அப்பா."

"பெயர்தான் தெரியுமே, ஏன் ஒரே எழுத்து? சுவரில் மற்ற எல்லாருக்கும் முழுப் பெயர் வருகிறது. கல் செதுக்குகிறவன் என்னைக் கேட்பான்."

நீளமாகத் திட்டி ஒரு பதில் அடித்தேன். அழித்தேன். நான் அன்றைக்கு அந்தச் சீட்டில் எழுதியது தப்பு என்று முதலில் எழுதினேன். அதை அனுப்பிவிட்டு, இன்னொன்று எழுதினேன்: "எங்கள் ஊரில் அப்பாவுக்கு அவ்வளவுதான் இடம். ஆனால் முன்னால் இருக்கும்."

திரையில் அவன் எழுதுவதும் அழிப்பதும் தெரிந்தது. பிறகு, "சரி" என்று வந்தது. அதன் கீழே, "சாவோ ஓடாமல் நின்றது இதனால்தானா?" என்று வந்தது. அங்கே சவரியை இன்னும் சுருக்கி டோமினிக்கை அப்படியும் கூப்பிடுவார்கள்.

ஆமாம் என்று எழுதி, அவன் பெயர் டோமினிக் என்றும் எழுதினேன்.

டோமினிக்கிடம் வாங்கிய விலாசம் பையில் இருக்கிறது. எழுதுவேன் என்று இங்கே அச்சில் சொல்லிவைக்கிறேன், தப்பிக்க முடியாமல் இருக்கட்டும்.

ஒலிபெருக்கியில் ஒரு பெண் கடைசி அழைப்பு என்றாள். பயணி கோவிந்தசாமி உடனே வாயிலுக்கு வரவும் என்றாள். சாலிகிராமத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் வெளியே எங்கும் போகாத மனுஷனை அவள் இரண்டாவது முறையும் கூப்பிட்டாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனேன்.